அடிபட்டவர் எழுந்து நடந்த பிறகு

(வேப்பம்பட்டில் ஒரு ஞாயிறு மாலை நடந்த குடியிருப்போர் கூட்டத்தில், அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மனித மூளை எப்படி வேலை செய்கிறது, அதில் அடிபட்டால் என்ன ஆகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முழுவதும் பேச ஒரு மாலை போதாது. தலைக்காய வார்டில் என் பணிக்காலம் கழிந்தது. அங்கே திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் அதற்குத் துணையாக வரும்.

அந்த விஷயம் இதுதான். தலையில் அடிபட்டவரை வெளியிலிருந்து பார்த்து, ‘ஆள் நல்லா இருக்கார்’ என்று முடிவு கட்டுகிறோம். அந்த முடிவு இரண்டு தடவை ஆளைக் கவிழ்க்கிறது. ஒன்று, அடிபட்ட முதல் சில மணி நேரத்தில். இன்னொன்று, தையல் பிரித்து, வீடு திரும்பி, எல்லோரும் மறந்துபோன பிறகு வரும் மாதங்களில்.

இதை வேப்பம்பட்டில் பேசக் காரணம் இருக்கிறது. இங்கே மனை வாங்கி வீடு கட்டியவர்களில் பலருக்கு வேலை வேறு ஊரில். ரயில் பிடித்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். டூவீலரில் சி.டி.எச். ரோடு வழியாகக் காக்களூருக்கும் திருவள்ளூருக்கும் போகிறவர்கள் இருக்கிறீர்கள். பெரியபாளையம் வழியாகச் சுற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். நைட் ஷிப்ட் முடிந்து, கண் எரிச்சலோடு, கன்டெய்னர் லாரிக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே வண்டி ஓட்டி வருகிறீர்கள். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105. அந்த ஆண்டு இந்தியாவிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் நம்முடையது. இறந்தவர்கள் 17,884 பேர். பிழைத்து வந்து, பழைய ஆளாக வராமல் போனவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு செய்தித்தாளில் வந்து நான் பார்த்ததில்லை.

சரி, முதலில் மூளை.

பெரியவர்களுக்கு அதன் எடை ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள். உடம்பின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் சும்மா இருக்கும்போதும் உடம்பு செலவழிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கு அதற்குப் போகிறது. சேமிப்பு என்று எதுவும் அதனிடம் கிடையாது. ரத்த ஓட்டம் நின்றால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்களில் அணுக்கள் சாகத் தொடங்கும். நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற அணுக்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. உங்கள் குழந்தையின் குரல், வீட்டுக்கு வரும் வழி, மேஸ்திரி மேல் உள்ள கோபம், அதை அடக்கிக்கொள்ளும் பொறுமை எல்லாமே அந்தத் தொடர்புகளில்தான் இருக்கின்றன.

இந்தப் பின்னலை வரைபடமாக்கும் வேலை நம் சென்னையிலேயே நடக்கிறது. ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், கருவில் வளரும் மூளையை மெல்லிய படலங்களாகச் சீவி, 5,132 படலங்களின் படங்களை ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. உலகில் எந்த ஆராய்ச்சியாளரும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பெருமைப்பட வேண்டிய வேலை.

உயிருள்ள மூளையைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு மென்மை என்று தெரியும். மாணவர்கள் படிக்கும் மூளை மருந்தில் ஊறிக் கெட்டியானது. உயிரோடு இருப்பது உறைந்த தயிர் மாதிரி. தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறீர்கள், டிரைவர் சடன் பிரேக் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்கு ஒரு கீறல்கூட இருக்காது, உள்ளே தயிர் கலங்கிப்போயிருக்கும். வேகமாகப் போகும் வண்டி திடீரென்று நிற்கும்போது தலைக்குள் நடப்பதும் அதுதான். மண்டையோடு நிற்கிறது, மூளை நிற்பதில்லை. முன்னே போய் மோதி, பின்னே வந்து இன்னொரு முறை மோதுகிறது. சுழற்சியும் சேர்ந்தால் நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. அந்த அறுபடல் பல நேரம் சி.டி. ஸ்கேனில்கூடத் தெரியாது. ‘ஸ்கேன் நார்மல்’ என்று எழுதியிருக்கும், ஆள் கண் திறக்க மாட்டார்.

இன்னொரு விவரம். மண்டையோட்டின் உட்புறம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இல்லை. நெற்றிக்குப் பின்னாலும் கண்ணுக்கு மேலும் உள்ள தளம் கரடுமுரடானது, கூரான வரப்புகள் உண்டு. மூளையின் முன்மடலும் பொட்டுமடலும் அந்தத் தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் தலையில் எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் அந்த இரண்டு மடல்களும்தான் அதிகம் சிராய்க்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பகுதிவாரியாக வேலை பிரிந்திருப்பது பலருக்கும் தெரியும். இடப்பக்க மூளை வலக்கையை ஆட்டுகிறது, பிடரிப் பக்கம் பார்வை, கீழே சிறுமூளை நடையின் தள்ளாட்டத்தைச் சரிசெய்கிறது, மூளைத்தண்டு மூச்சையும் விழிப்பையும் காக்கிறது. பேச்சு, பெரும்பாலோருக்கு இடப்பக்கம். 1861இல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவர் கண்டு சொன்னது. எதைக் கேட்டாலும் ‘டான்’ என்ற ஒரே ஓசையைச் சொன்ன நோயாளியின் மூளையை, அவர் இறந்த பின் திறந்து பார்த்து, இடது முன்மடலில் பழுதைக் காட்டினார். எங்கள் வார்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார், மளிகைக்கடை வைத்திருந்தவர். பெயரைக் கேட்டால் வாயைத் திறந்து திணறுவார், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மகள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் வீட்டில் சொல்லும் முருகன் பாட்டை ஆரம்பித்தால், கூடவே வரி தப்பாமல் சொல்வார். பழகிப்போன பாட்டும், வாயில் தானாக வரும் வசவும் மூளையில் வேறு பாதைகளில் ஓடுகின்றன. அந்தப் பாதையைப் பிடித்துத்தான் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் மெதுவாக ஒவ்வொரு சொல்லாக மீட்டெடுக்கிறார்கள்.

தலையைத் திறந்து வைத்தியம் செய்வது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவ மரபில் தேரையர் கதையைக் கேட்டிருப்பீர்கள். அரசனின் கபாலத்தைத் திறந்த அகத்தியர், மூளைமேல் உட்கார்ந்திருந்த தேரையை எப்படி எடுப்பது என்று தயங்க, தேரையர் என்ற சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து அலசிக் காட்ட, தேரை தானே தண்ணீருக்குத் தாவியதாகக் கதை. கதைதான். ஆனால் அதில் ஒரு உண்மையான அறுவை மருத்துவரின் அச்சம் இருக்கிறது. மூளையைத் தொடாமல் வேலையை முடிக்க வேண்டும் என்ற அச்சம் அது.

இந்தியாவில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கான முதல் துறை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி, கனடாவில் நரம்பியல் அறுவை மருத்துவர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அடுத்த ஆண்டே, 1950இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்தவர். இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், தலைக்காயத்தைப் பற்றிப் புத்தகமே எழுதிய ரோபோதமிடம் பயிற்சி எடுத்துத் திரும்பியவர். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. அது 1971இல்தான் உலகுக்கு வந்தது. கண்மணியைப் பார்த்து, கைகால் அசைவைப் பார்த்து, எந்தப் பக்கம் ரத்தம் கட்டியிருக்கிறது என்று கணித்து, அந்த இடத்தில் துளை போட்டுப் பார்ப்பார்கள். கணிப்பு தவறினால் மறுபக்கம். அந்தக் காலத்து மருத்துவர்களின் விரல்களையும் கண்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது.

இப்போது முதல் சில மணி நேரத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூன்றுதான் இருக்கின்றன: மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் நீர். அந்த நீர் ஏறக்குறைய 150 மில்லி. நான்காவதாக ஒரு ரத்தக்கட்டி வந்தால், முதலில் நீர் ஒதுங்கி இடம் கொடுக்கும், பிறகு சிரைகளில் உள்ள ரத்தம் ஒதுங்கும். அதுவரை வெளியே ஒன்றும் தெரியாது. ஆள் பேசுவார், டீ குடிப்பார், வண்டிக்கு என்ன ஆச்சு என்று விசாரிப்பார். ஒதுங்க இடம் தீர்ந்ததும், அடுத்துச் சேரும் கொஞ்ச ரத்தமே அழுத்தத்தைக் கிடுகிடுவென்று ஏற்றிவிடும். மூளை கீழ்நோக்கிப் பிதுங்கி மூளைத்தண்டை நெருக்கும்.

காதுக்கு முன்னால், சற்று மேலே, நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பாருங்கள். மண்டையோடு அங்கே மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அங்கே எலும்பு விரிசல் விட்டால் தமனி கிழியலாம். எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். இந்தக் காயத்தில்தான் அந்தக் கொடுமை நடக்கிறது. அடிபட்டவுடன் சிறு மயக்கம், பிறகு தெளிவு, அந்தத் தெளிவைப் பார்த்து எல்லோரும் கலைந்து போவார்கள், இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, தூக்கம். ‘அசதியில தூங்குறான், எழுப்பாதீங்க’ என்பார்கள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்க மாட்டான். இதில் நெஞ்சு பொறுக்காத விஷயம் என்னவென்றால், இந்த நோயாளிக்கு மூளையில் பெரிய காயமே இருக்காது. நேரத்தோடு கொண்டுவந்தால் எலும்பைத் திறந்து கட்டியை எடுத்துவிடலாம். பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போவார். நேரம் தப்பினால் அதே ஆள் இல்லை.

வார்டில் ராத்திரி நர்ஸ் ஒரு மணிக்கு ஒரு தடவை நோயாளியை எழுப்புவார். ‘பேர் என்ன சொல்லுங்க. எங்க இருக்கீங்க? கையைத் தூக்குங்க.’ கூட இருக்கும் உறவினர்களுக்குக் கோபம் வரும். ‘தூங்கட்டும் விடுங்க சிஸ்டர், பாவம்’ என்று சண்டைக்கே வருவார்கள். அவர் தொந்தரவு செய்யவில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறார். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. 1974இல் கிளாஸ்கோ நகரத்தின் மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த கணக்கு. 15இல் இருந்தவர் 13க்கு இறங்கினால் உள்ளே ஏதோ நடக்கிறது. 8க்கோ அதற்குக் கீழோ போனால் மூச்சுக்குழாய் போட வேண்டிய நிலை. பிறகு இமையைத் தூக்கி டார்ச் அடிப்பார். இரண்டு கண்மணியும் சுருங்கினால் சரி. ஒன்று மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றால், அந்தப் பக்க நரம்பு நெருக்கப்படுகிறது என்று பொருள். அப்போது வார்டே ஓடும். அந்தச் சின்ன டார்ச்சும் ஒரு தாளில் எழுதிய எண்களும் காப்பாற்றிய உயிர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குடி வாசனை இன்னொரு பெரிய சிக்கல். ரோட்டோரம் ஒருவர் விழுந்து கிடக்கிறார், வாய் குழறுகிறது, வாசனை வருகிறது. ‘போதை, தெளிஞ்சா எழுந்து போவான்’ என்று எல்லோரும் நகர்ந்துவிடுவார்கள். குடித்தவர் தலையிலும் ரத்தம் கட்டும், கூடுதலாகவே கட்டும். வாய் குழறுவது சாராயத்தாலா ரத்தக்கட்டியாலா என்று என்னாலேயே ஸ்கேன் இல்லாமல் சொல்ல முடியாது. ரோட்டில் நிற்பவர் எப்படிச் சொல்வார்? குடித்திருந்தாலும் அவர் ஒரு தலைக்காய நோயாளி. அப்படித்தான் நடத்த வேண்டும்.

வீட்டில் பெரியவர்கள் பாத்ரூமில் வழுக்கி விழுகிறார்கள். ஒரு வாரம் ஒன்றுமில்லை. மூன்று, நான்கு வாரம் கழித்து நடை தடுமாறுகிறது, பேச்சில் குழப்பம், சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்கிறார். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுகிறோம். வயதாகும்போது மூளை சற்றுச் சுருங்கும், அதனால் மேலுறைக்குப் போகும் சிரைகள் இழுபட்டு நிற்கும். சின்ன அடியிலேயே அவை கிழிந்து, வாரக்கணக்கில் மெதுவாக ரத்தம் சேரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இது இன்னும் அதிகம். மண்டையில் சிறு துளை போட்டு வடித்துவிட்டால் பலர் பழையபடி ஆகிவிடுவார்கள். மறுநாளே பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் உண்டு. மறதி நோய் என்று மூலையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் முதியவர்களில் சிலருக்கு இருப்பது இதுவாக இருக்கலாம். ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஆகவே, தலையில் அடிபட்டு ஒரு நிமிடமாவது நினைவு தப்பினால், வாந்தி எடுத்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாவிட்டால், காதிலோ மூக்கிலோ ரத்தமோ தண்ணீரோ வடிந்தால், ஃபிட்ஸ் வந்தால், காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சோடா ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஃபிட்ஸ் வந்தவர் கையில் சாவிக்கொத்தையும் இரும்பையும் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. ஃபிட்ஸ் மட்டும் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சு தடையில்லாமல் போகட்டும். விபத்தில் அடிபட்டவர் என்றால் கழுத்தையும் முதுகையும் முறுக்காமல், தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து தூக்குங்கள். ஆட்டோவில் மடக்கிப் போட்டுக் கொண்டுவந்ததால் கழுத்து நரம்பு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

‘போலீஸ் கேஸ் ஆகிடும்’ என்ற பயம் இனித் தேவையில்லை. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அது சேர்ந்துவிட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18இல் தொடங்கியது. எந்த மாநிலத்துக்காரர் என்று அதில் பார்ப்பதில்லை. உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒடிசா, பீகார் தம்பிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

ஹெல்மெட் பற்றி ஒரே ஒரு எண். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, ஹெல்மெட் தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 பங்கு குறைக்கிறது, மரண அபாயத்தை 42 பங்கு குறைக்கிறது. பட்டை மாட்டாத ஹெல்மெட் விழுவதற்கு முன்பே கழன்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியின் மண்டையோடும் அதே எலும்புதான்.

மூளைச்சாவைப் பற்றிக் கேட்டு ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். கோமாவில் இருப்பவருக்கு மூளைத்தண்டு வேலை செய்கிறது, அவர் உயிரோடு இருக்கிறார், திரும்பி வரலாம். மூளைச்சாவில் மூளைத்தண்டும் செத்துவிட்டது. வென்டிலேட்டர் காற்றைத் தள்ளுவதால் இதயம் இன்னும் கொஞ்ச நேரம் துடிக்கிறது. மெஷினை நிறுத்தி வைத்துத் தானாக ஒரு மூச்சாவது எழுகிறதா என்று சோதிப்பார்கள். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் மறுபடி சோதிப்பார்கள். நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். இதில் அவசரமோ சூழ்ச்சியோ இல்லை. 2008 செப்டம்பரில் டூவீலர் விபத்தில் மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவன் பெற்றோர் தானமாகக் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயம் 11 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது, ஒரு சிறுமிக்குப் பொருத்தினார்கள். தமிழ்நாட்டில் உறுப்புதானம் வேரூன்றியது அதற்குப் பிறகுதான். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புதானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

இனி இரண்டாவது பகுதி. என் மனத்தில் அதிகம் கனப்பது இதுதான்.

1848 செப்டம்பர் 13. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும் வேலை. பாறைக்கு வெடி வைக்கும் குழுவின் ஃபோர்மேன் ஃபினியஸ் கேஜ், வயது 25. மருந்தை இடித்துக் கெட்டிக்கும்போது வெடித்து, மூன்றரை அடி நீளத்துக்கு மேல் இருந்த இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாகப் பாய்ந்து போயிற்று. கேஜ் சாகவில்லை. மாட்டுவண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து விடுதிக்குப் போனார், மருத்துவரிடம் பேசினார். பார்வை ஒரு கண்ணில் போனது. கை, கால், பேச்சு எல்லாம் சரி. ஆனால் பொறுப்பும் பொறுமையுமாக இருந்த ஃபோர்மேன், வாய்க்கு வந்ததைப் பேசுகிறவராக, எடுத்த முடிவில் நிற்காதவராக மாறினார். பழைய வேலையைக் கம்பெனி திரும்பக் கொடுக்கவில்லை. முன்மடல் என்ன செய்கிறது என்பதை உலகம் யோசிக்கத் தொடங்கியது அவரிடமிருந்துதான். பாடப் புத்தகங்கள் இங்கே நிறுத்திவிடுகின்றன. பின்னாளில் அவர் சிலி நாட்டில் ஆண்டுக்கணக்கில் குதிரைவண்டி ஓட்டினார். நாள்தோறும் ஒரே நேரம், ஒரே பாதை, ஒரே வேலை. ஒழுங்கான வேலை அவரை ஓரளவு மீட்டது என்றே இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கண்ணுக்கு மேலே கரடுமுரடான தளம் என்று சொன்னேன் அல்லவா? முன்மடல் சிராய்ந்து வீடு திரும்பும் கேஜ்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஷெட் கூரையில் சிமென்ட் ஷீட் உடைந்து விழுந்த பிட்டர் ஒருவர் ஃபாலோ-அப்புக்கு வந்தார். தழும்பு தலைமுடியில் மறைந்துவிட்டது. நடை நேர். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். மனைவி பின்னால் நின்று பேசாமல் இருந்தார். கணவரை வெளியே அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன். ‘சார், இவர் எங்க வீட்டுக்காரர் இல்ல. முன்னாடி சத்தம் போட்டுப் பேச மாட்டார். இப்ப குழந்தை டம்ளரைக் கீழ போட்டா கை ஓங்குறார். சம்பளம் வாங்கின அன்னிக்கே எங்க போச்சுன்னு தெரியல. வாசனைகூடத் தெரியல சார், சாம்பார் கெட்டுப்போனதைச் சாப்பிட்டுட்டார்.’ கம்பெனியில் ‘இவன் முன்னே மாதிரி இல்ல, சோம்பேறி ஆயிட்டான்’ என்று நிறுத்திவிட்டார்கள். சொந்தக்காரர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். காயம் பட்ட இடத்தைக் காட்டும் படம் என் மேசை மேல் இருந்தது. அதை அதுவரை ஒருவரும் அந்த அம்மாவுக்கு விளக்கவில்லை. மருத்துவத் துறை இதில் தலைகுனிய வேண்டும். உயிரைக் காப்பாற்றி அனுப்புகிறோம், வீட்டுக்குப் போகிறவர் யார் என்று சொல்லி அனுப்புவதில்லை.

சட்டமும் இதைப் பார்க்கவில்லை. வேலையில் அடிபடுபவருக்கு இழப்பீடு தர 1923இல் வந்த சட்டத்தின் அட்டவணையில், கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் என்று கணு கணுவாகக் கணக்கு இருந்தது. ஞாபகம் போனால், நிதானம் போனால் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி அதில் இருந்ததில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டது. அதிலும் மூளைக்காயம் என்று தனிப் பெயர் இல்லை. வேறு ஏதாவது ஒரு தலைப்புக்குள் நுழைத்துத்தான் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மீட்சி உண்டா? உண்டு. செத்த அணு பெரும்பாலும் திரும்புவதில்லை, ஆனால் மிச்சமுள்ளவை வேலையைக் கற்றுக்கொள்கின்றன. முதல் ஆறு மாதம் வேகம் அதிகம், பிறகும் ஆண்டுக்கணக்கில் முன்னேற்றம் தொடரும். மூளை எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர், வடசென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் பிரஸ் மெஷினில் கை நசுங்கியவர்களைக் கொண்டுபோகும் அதே ஸ்டான்லி. கையை எடுத்த பிறகும் இல்லாத கை வலிக்கும், விரல்கள் இறுக மூடி நகம் உள்ளங்கையில் குத்துவதாகத் தோன்றும். மூளையில் கைக்கான பகுதிக்குப் பக்கத்தில் முகத்துக்கான பகுதி இருக்கிறது. கை போனதும் முகத்தின் செய்திகள் அந்தக் காலியிடத்துக்குள் நுழைகின்றன. சிலருக்குக் கன்னத்தைத் தொட்டால் இல்லாத விரலைத் தொட்டதாக உணர்வு வருவதை அவர் சோதித்துக் காட்டினார். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி வைத்து, கையை மூடித் திறக்கச் சொன்னார். சிலருக்கு இறுக்கம் விட்டது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனால் கடைக் கண்ணாடி ஒன்றால் மூளையோடு பேச முடிந்தது. பக்கவாதத்தில் செயலிழந்த கைக்கும் இன்று இந்தப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

முன்மடல் காயம் பட்டவருக்கு வீடுதான் பயிற்சிக்கூடம். தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரே இடத்தில் சாவி, மாத்திரை, பர்ஸ். ஒரு நேரத்தில் ஒரு வேலை சொல்லுங்கள். டிவி சத்தமும் கூட்டமும் குறையட்டும். கத்தினால் எதிர்த்துக் கத்தாமல் பத்து நிமிடம் அடுத்த அறைக்குத் தள்ளிப் போங்கள், தணிந்துவிடுவார். அடிக்கக் கை நீண்டால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மருந்து உண்டு. குடி வேண்டவே வேண்டாம். ஃபிட்ஸ் மாத்திரையை, ‘இப்ப வர்றதில்லையே’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, ஓடும் மெஷினில் நிற்பது மூன்றும் கூடாது.

சூப்பர்வைசர்களும் கான்ட்ராக்டர்களும் இங்கே இருந்தால் ஒரு விண்ணப்பம். தலையில் அடிபட்டுத் திரும்பும் தொழிலாளியை முதல் நாளே பழைய லைனில் நிறுத்தாதீர்கள். பகல் ஷிப்ட், பாதி நேரம், பழகிய ஒரே வேலை என்று தொடங்குங்கள். மூன்று மாதம் கழித்து அவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாமல், அவர் வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள். தன் மாற்றம் தனக்கே தெரியாமலிருப்பதும் இந்தக் காயத்தின் ஒரு பகுதி.

இங்கிருந்து மூன்றாவது ரயில் நிலையம் திருவள்ளூர். அங்கே 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மேற்கொண்டு தேவை என்றால் சென்னைக்கு அனுப்புவார்கள். விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ஃபிலிம் மூன்றையும் லேமினேட் செய்து வைத்துவிடாமல் ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள், ஒவ்வொரு தடவையும் தேவைப்படும். உங்கள் வீட்டில் தலையில் அடிபட்டுத் திரும்பியவர் ‘முன்னே மாதிரி இல்லை’ என்று தோன்றினால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சரி, இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள். கூட இருந்து பார்க்கிறவர் யாரோ அவர் வரட்டும். எல்லோரும் பேசி முடிக்கும் வரை நான் இங்கேதான் இருப்பேன்.